வெள்ளிக்கிழமை வியன்னா பயணம்: குடியிருப்பு அட்டை இன்னும் வரவில்லை, போகலாமா?

இசார்க்கரை:
எல்லோருக்கும் வணக்கம். வேலை கிடைத்து மியூனிக் வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. வெள்ளி மாலை ரயிலில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு குடும்பத்தோடு வியன்னா போய் ஞாயிறு இரவு திரும்புவதாகத் திட்டம். பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட், விடுதிக்கும் கட்டியாயிற்று. இன்று அலுவலகத்தில் ஒருவர், "ஜெர்மனியில் தங்க அனுமதி தரும் குடியிருப்பு அட்டை கைக்கு வராமல் வெளியே போனால் திரும்பி உள்ளே விடமாட்டார்கள்" என்று குண்டைத் தூக்கிப் போட்டார். வயிறு கலங்குகிறது. அம்மா சுத்த சைவம் வேறு. உடனே யாராவது சொல்லுங்கள்.

பழைய ஸ்டுட்கார்ட்வாசி:
வந்தவுடன் சுற்றுலாவா? நாங்கள் வந்தபோது வீடு கிடைக்காமல் ஒரு அறையில் மூன்று பேர் படுத்திருந்தோம். ரொட்டியும் தயிரும்தான் சாப்பாடு. முதல் குளிர்காலத்தில் வெந்நீர்க் கட்டணம் வந்த கடிதத்தைப் பார்த்து அழுதவர்களை எனக்குத் தெரியும். முதலில் மொழி கற்றுக்கொள்ளுங்கள் தம்பி, வியன்னா எங்கேயும் ஓடிவிடாது.

ரைன்நதி:
பயப்படாதீர்கள். எல்லைச் சோதனையை விலக்கிக்கொண்ட ஷெங்கன் நாடுகளுக்குள் எல்லையே கிடையாது. பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுப் போய் வாருங்கள்.

சால்ஸ்பர்க் பயணி:
மேலே சொன்னதை நம்பாதீர்கள். ஆஸ்திரிய எல்லையில் ஜெர்மனி 2015 முதலே சோதனையை மீண்டும் கொண்டுவந்துவிட்டது. திரும்பும்போது போலீஸார் ரயிலில் ஏறிப் பெட்டி பெட்டியாக வருவார்கள். நம் முகத்தைப் பார்த்ததும் தவறாமல் நின்று கேட்பார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பயணம் போகிற எல்லோருடைய அசல் பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும். கைப்பேசியில் எடுத்த படம் செல்லாது.

சூரிச் அக்கா:
தம்பி, புளிச்சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் கட்டிக்கொண்டு போங்கள், அம்மாவுக்கு இரண்டு நாள் தாங்கும். நான் புதிதில் "இறைச்சி இல்லை" என்று சொன்னதை நம்பி வாங்கிய சூப்பில் மாட்டெலும்புச் சாறு இருந்தது. அன்றிலிருந்து வெளியே சூப் தொடுவதில்லை.

டான்யூப் காற்று:
வியன்னாவில் இருக்கிறேன். அக்கா சொன்னது சரி. இங்கே ஃப்ரிட்டாட்டன் சூப் என்று ஒன்று வரும். தோசையை நூல் நூலாக அரிந்து போட்டதுபோல் அழகாக மிதக்கும். பார்த்தால் சைவம், ஆனால் கீழே இருப்பது மாட்டிறைச்சிச் சாறு. உருளைக்கிழங்கு சாலட்டிலும் அதே சாற்றை ஊற்றுவதுண்டு. உணவுப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் சிறிய ஆங்கில எழுத்துகள் இருக்கும். அவை ஒவ்வாமைக் குறிகள். சி என்றால் முட்டை, ஜி என்றால் பால், ஏ என்றால் கோதுமை போன்றவை. இறைச்சிச் சாற்றுக்குத் தனிக் குறி இல்லை, வாய்விட்டுத்தான் கேட்க வேண்டும். அம்மா முட்டை சாப்பிடுவாரா என்று நீங்கள் சொல்லவே இல்லையே?

பழைய ஸ்டுட்கார்ட்வாசி:
முட்டைக்கெல்லாம் கவலைப்பட்டால் இந்த ஊரில் பிழைக்க முடியாது.

நெக்கர் ஓரம்:
அட்டை விஷயத்தில் இசார்க்கரையைக் குறை சொல்லாதீர்கள். வெளிநாட்டவர் அலுவலகத்தில் நேரம் கிடைப்பதே பெரும்பாடு. மின்னஞ்சல் போட்டால் தானியங்கிப் பதில். நேரில் போனால் "மின்னஞ்சல் போடுங்கள்".

ரைன்நதி:
ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்ததற்குக் கீழ்வீட்டுக்காரர் கதவில் சீட்டு ஒட்டினாரே, அதை என்னவென்று சொல்வது?

நெக்கர் ஓரம்:
ஒட்டினாரா? எங்கள் வீட்டில் நேராகக் கதவைத் தட்டினார்கள்!

சால்ஸ்பர்க் பயணி:
இதற்கு வேறு திரி போட்டுக்கொள்ளுங்கள், அவருக்கு வெள்ளிக்கிழமை ரயில். இசார்க்கரை, மூன்று கேள்விகள். உங்கள் பாஸ்போர்ட்டில் ஒட்டிய டி விசா (நீண்டகாலம் தங்க வருபவர்களுக்குத் தருவது) எந்தத் தேதிவரை? அம்மா எந்த விசாவில் வந்திருக்கிறார்? குழந்தை உண்டா?

இசார்க்கரை:
மன்னிக்கவும், பதற்றத்தில் எழுதாமல் விட்டுவிட்டேன். எனக்கும் மனைவிக்கும் மகளுக்கும் டி விசா. முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. மகளுக்கு ஐந்து வயது. அம்மா பார்வையாளர் விசாவில் வந்து போகிறார். முட்டை தொடமாட்டார்.

சால்ஸ்பர்க் பயணி:
அப்படியானால் தாராளமாகப் போகலாம். டி விசா காலாவதியாகாதவரை, எந்த 180 நாளிலும் 90 நாள் மற்ற ஷெங்கன் நாடுகளில் இருக்கலாம், திரும்பியும் வரலாம். அட்டை தேவையில்லை. உங்கள் நண்பர் சொன்ன சிக்கல், விசா முடிந்து அட்டையும் வராமல் இடையில் மாட்டிக்கொள்பவர்களுக்கு. அதனால் விசா முடியுமுன் அட்டைக்கு விண்ணப்பித்துவிடுங்கள். அம்மாவின் விசாவில் ஷெங்கன் நாடுகள் என்று அச்சிட்டிருக்கிறதா, தேதியும் பயணக் காப்பீடும் ஞாயிறைத் தாண்டி இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

டான்யூப் காற்று:
இனி ஊர் விஷயம். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குச் சூப்பர் மார்க்கெட்டுகள் மூடிவிடும், ஞாயிறு முழுக்கத் திறக்காது. தயிரும் பழமும் அதற்குமுன் வாங்கிவிடுங்கள். தவறினால் வியன்னா தலைமை ரயில் நிலையத்தில் இருக்கும் கடைதான் கதி. நாஷ்மார்க்ட் சந்தைக்கும் ஞாயிறு விடுமுறை, எனவே சனி மதியமே போய் அம்மாவுக்குக் கொண்டைக்கடலையில் செய்த ஃபலாஃபல் வடையும் ஹம்முஸ் துவையலும் வாங்கிக் கொடுங்கள். காபிக்கடையில் மெலாஞ்ச் (பால் நுரை சேர்த்த காபி) சொன்னால் ஒரு சின்னத் தட்டில் காபி, பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீர் வரும். எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் எழுப்பமாட்டார்கள். ஆப்பிள் ஸ்ட்ரூடலில் பெரும்பாலும் முட்டை இருக்காது, கேட்டுவிட்டு வாங்குங்கள். சாக்கர் டோர்ட்டே முழுக்க முட்டை, அதை நீங்கள் மூவரும் சாப்பிடுங்கள். என்னைக் கேட்டால் சற்று வறட்சியான கேக், பெயர்தான் பெரிது.

குழந்தைக்கு ஷோன்ப்ரூன் அரண்மனை வளாகம். அங்கே 1752-ல் தொடங்கிய விலங்குக் காட்சியகம் இருக்கிறது, இன்றும் இயங்குபவற்றில் உலகிலேயே பழமையானது. அரண்மனைக்குள் வரிசையில் நின்று காலை வீணாக்க வேண்டாம். தோட்டத்துக்குக் கட்டணமில்லை, குளோரியட் மேட்டிலிருந்து ஊரே தெரியும். ஸ்டீபன்ஸ் பேராலயத்தின் தெற்குக் கோபுரத்துக்கு 343 படி, அம்மாவை ஏற்றாதீர்கள். மெட்ரோவில் தடுப்புக் கதவு இருக்காது, ஆனால் காகித டிக்கெட்டில் தேதி அச்சாகாமல் இருந்தால் நுழைவாயிலில் உள்ள நீலப் பெட்டியில் செருகி முத்திரையிட வேண்டும். மறந்தால் அபராதம். மகளுக்கு ஆறு வயது ஆகாததால் டிக்கெட்டே வேண்டாம்.

இசார்க்கரை:
அம்மாவின் விசாவைப் பார்த்துவிட்டேன், ஷெங்கன் என்றுதான் இருக்கிறது. காப்பீடு மட்டும் சனிக்கிழமையோடு முடிகிறது.

சால்ஸ்பர்க் பயணி:
இன்றைக்கே இணையத்தில் நீட்டித்துவிடுங்கள். நீட்டிக்க விடாவிட்டால் ஞாயிறு முதல் அவர் ஊர் திரும்பும் நாள்வரை புதிதாக ஒன்று எடுத்து, அச்சிட்டு அவருடைய பாஸ்போர்ட்டோடு வையுங்கள்.