சண்டை விளையாட்டுகளை வீட்டில் பார்ப்பது கைக்கு மீறிய செலவாகிவிட்டதா?

பாலக்கோடு வாசகர்:
கேபிள் இணைப்பு ஒன்றிருந்தால் போதும் என்ற காலம் 2025 ஏப்ரலோடு முடிந்துவிட்டது. அதுவரை சோனி அலைவரிசைகளில் வந்துகொண்டிருந்த டபிள்யூடபிள்யூஇ மல்யுத்தம் நெட்ஃபிளிக்ஸுக்குப் போய்விட்டது. குத்துச்சண்டையின் பெரிய போட்டிகள் பலவற்றுக்கு டாசோன் என்ற இணைய ஒளிபரப்புத் தளத்தை நாட வேண்டியிருக்கிறது. ஒரே வீட்டின் பொழுதுபோக்கு இப்படிப் பல சந்தாக்களாகச் சிதறிய பிறகும், எங்கள் கேபிள் கட்டணம் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

ஓசூர்வாசி:
இந்தப் புலம்பலை என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்காவில் யுஎஃப்சி என்ற கலப்புச் சண்டை அமைப்பின் முதன்மை நிகழ்ச்சி ஒன்றை மட்டும் பார்க்க 2019-இல் 59.99 டாலர் கேட்டார்கள். 2023-இல் அது 79.99 டாலராயிற்று, அதை ஒளிபரப்பிய இஎஸ்பிஎன் பிளஸ் தளத்தின் சந்தா அதற்கு மேல் தனி. 2015-இல் குத்துச்சண்டை வீரர்கள் மேவெதரும் பாக்கியாவோவும் மோதியபோது, துல்லிய (எச்டி) ஒளிபரப்புக்கு ஏறத்தாழ 100 டாலர் கொடுத்துப் பார்த்தார்கள். அமெரிக்கக் கிழக்கு நேரப்படி சனி இரவு 10 மணிக்குத் தொடங்கிய யுஎஃப்சி முதன்மைச் சண்டைகளை, நாம் ஞாயிறு காலை 7.30 அல்லது 8.30 மணிக்கு, சாதாரண சந்தாவிலேயே பார்த்து வந்தோம். நெட்ஃபிளிக்ஸ்கூட 2021 டிசம்பரில் இந்தியக் கட்டணத்தைக் குறைத்து, 149 ரூபாயிலிருந்து தருகிறது.

பாலக்கோடு வாசகர்:
டாலரை மட்டும் எடுத்துக்கொண்டு, அங்குள்ளவரின் சம்பளத்தை விட்டுவிட்டால் ஒப்பீடு எப்படிச் சரியாகும்? மேலும், அந்த 149 ரூபாய்த் திட்டம் கைப்பேசிக்கும் டேப்லெட்டுக்கும் மட்டுமே உரியது. அப்பாவும் பிள்ளைகளும் பக்கத்து வீட்டுப் பையனும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்ததை ஆறு அங்குலத் திரையில் ஒருவர் மட்டும் பார்ப்பதை, வீட்டில் பார்ப்பது என்று நான் சொல்ல மாட்டேன்.

ஓசூர்வாசி:
ஐம்பது ரூபாய் கூடக் கொடுத்தால் 199 ரூபாய்த் திட்டத்தில் தொலைக்காட்சியிலேயே பார்க்கலாமே.

பென்னாகரத்தான்:
பார்க்கலாம், ஐயா, ஆனால் அந்தத் தொலைக்காட்சி இணையத்தோடு இணையக்கூடியதாக இருக்க வேண்டும், வீட்டுக்கு வேகமான இணைய இணைப்பும் வேண்டும். சிப்காட்டை ஒட்டிக் குடியிருப்பவருக்கு இவை ஏற்கெனவே இருக்கக்கூடும். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பழைய பெட்டியும் கேபிள்காரரின் செட்டாப் பாக்ஸுமே இருக்கும் வீடுகளுக்கு, சந்தாவைவிட இந்த முன்செலவுதான் பெரிது. 2011-இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்குக் கொடுத்தபோது இப்படிப்பட்ட நிபந்தனை எதுவும் இருக்கவில்லை.

அரூர் ரசிகன்:
டெலிகிராமில் இலவசமாகவே கிடைக்கிறது. எதற்கு இவ்வளவு விவாதம்?

ஓசூர்வாசி:
திருட்டு ஒளிபரப்பை இங்கே பரிந்துரைக்க வேண்டாம், தம்பி. பாலக்கோட்டு நண்பருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாரமவுண்ட் நிறுவனம் ஏழு ஆண்டுகளுக்கு 770 கோடி டாலர் கொடுத்து யுஎஃப்சியின் அமெரிக்க உரிமையைப் பெற்று, 2026 முதல் அங்கே ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் சந்தாவுக்கு மேல் பணம் வாங்கும் தனிக்கட்டண முறையையே கைவிட்டிருக்கிறது. போக்கு விலையிறக்கத்தை நோக்கியே இருக்கிறது.

பாலக்கோடு வாசகர்:
நான் அவ்வளவு எளிதில் நம்ப மாட்டேன். தனிக்கட்டணத்தின் காலம் முடிந்தது என்று 2018-இல் முழங்கிக்கொண்டு அமெரிக்காவில் நுழைந்த டாசோன்தான், 2022-இல் கனேலோ–பிவோல் குத்துச்சண்டைப் போட்டிக்குச் சந்தாவுக்கு மேல் தனிக்கட்டணம் வாங்கியது. 770 கோடி டாலரைக் கொடுப்பவர் அதைச் சந்தாதாரரிடமிருந்தே மீட்டாக வேண்டும். அந்நிறுவனத்தின் இணையத் தளமான பாரமவுண்ட் பிளஸின் கட்டணமும் 2026 ஜனவரியிலேயே உயர்ந்துவிட்டது. என் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது: மல்யுத்தம் போன பிறகும் கேபிளுக்குப் பழைய தொகையையே நான் ஏன் கட்ட வேண்டும்?

பென்னாகரத்தான்:
விளையாட்டு அலைவரிசைகளைத் தொகுப்பிலிருந்து நீக்கி, வேண்டியதை மட்டும் தனித்தனியாகக் கேளுங்கள். அந்த உரிமை தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளில் 2019 முதலே இருக்கிறது. கேபிள்காரர் முகம் சுளிப்பார், ஆனால் மறுக்க முடியாது.