இன வெறுப்புச் சம்பவங்கள்: உங்கள் ஊர் மன்றம் என்ன செய்தது?

செம்பனைக்காடு:
மலேசியாவின் பேராக் மாநிலத்தில் தோட்டங்கள் சூழ்ந்த சின்னப் பட்டணம் எங்களுடையது. போன வருடம் முனியாண்டி கோயில் சுவரில் யாரோ கறுப்புச் சாயத்தில் நம் இனத்தைக் கேவலமாக எழுதிவிட்டுப் போனார்கள். தமிழ்ப்பள்ளிக்குப் போகிற பிள்ளைகள்தான் அதை முதலில் படித்தார்கள். போலீஸ் புகார் செய்துவிட்டு மாவட்ட மன்றத்துக்குப் போனோம். "போலீசில் சொல்லிவிட்டீர்களே, அப்புறம் எங்களிடம் என்ன?" என்றார்கள்.

வழிபாட்டு இடத்தை அவமதித்தால் குற்றவியல் சட்டம் 295-ஆவது பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை. விசாரிப்பது போலீஸ்தான், சரி. ஆனால் அந்த எழுத்து அங்கேயே இருக்கிறதே! பிள்ளைகள் தினமும் அதைத் தாண்டித்தானே போகிறார்கள்? கோயில் கமிட்டியும் கை வைக்கப் பயந்தது, சாட்சியத்தை அழித்ததாகிவிடுமோ என்று.

கடைசியில் பக்கத்து வட்டார மலாய் கவுன்சிலர் ஒருவர் கேள்விப்பட்டு ஆட்களோடு வந்தார். போலீஸ் படம் எடுத்துவிட்டதை உறுதி செய்துகொண்டு சுவருக்குச் சாயம் அடிக்க வைத்தார். பிறகு தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பெண்களோடு உட்கார்ந்து அவர்கள் சொன்னதையெல்லாம் கேட்டார். 1965-ல் ஊராட்சித் தேர்தல் நிறுத்தப்பட்ட பிறகு கவுன்சிலர்களை மாநில அரசுதான் நியமிக்கிறது. ஓட்டுக்காக வரவேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அதனால்தான் அவர் வந்தது எங்களுக்குப் பெரிதாகப் பட்டது.

உங்கள் ஊரில் எப்படி?

ஓய்வுபெற்றவர்:
நான் வேறொரு மன்றத்தில் அமலாக்கப் பிரிவில் இருந்தவன், தங்கச்சி. நீங்கள் சொன்ன பதில் எனக்கு ரொம்பப் பழக்கமானது. நம் நாட்டில் வெறுப்புக் குற்றம் என்று தனிச் சட்டமே கிடையாது. சுவரில் எழுதினால் அது 'கிறுக்கல்' என்று துப்புரவுப் பிரிவுக்குப் போகும். இனத்தைத் திட்டி எழுதியது என்று எங்குமே பதிவாகாது. பதிவில்லாததை எந்த மேலதிகாரியிடம் கொண்டுபோய்க் காட்டுவது?

எங்கள் மன்றத் தலைவர் ஒருவர் மட்டும் புகார்ப் படிவத்தில் ஒரு கேள்வி சேர்த்தார்: 'இனம், மதம் காரணமாக நடந்ததாக நினைக்கிறீர்களா?' அந்தக் கட்டத்தில் 'ஆம்' என்று வந்தால் அன்றைக்கே படம் எடுப்போம், போலீசுக்குச் சொல்வோம், அவர்கள் சரி என்றதும் அழிப்போம். தெருவிளக்கு எரிகிறதா என்று பார்ப்போம். ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கத்தார் குழுவுக்கும் தகவல் போகும். அரசாங்கத்தின் ஒற்றுமைத் துறையிடம் பயிற்சி பெற்ற சமரசக்காரர்கள் அங்கே உண்டு.

ஒரு கடையில் 'இந்தியர்களுக்கு வேலை இல்லை' என்று அட்டை தொங்கியது. 1976 ஊராட்சிச் சட்டத்தின் 107-ஆவது பிரிவின்படி லைசென்சை மன்றம் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். அதை முதலாளிக்கு நினைவுபடுத்தினோம். அட்டை உடனே இறங்கியது. அவர் மனம் மாறியதா என்று கேட்காதீர்கள், அது எங்கள் கையில் இல்லை.

வாடகை வீட்டு விளம்பரத்தில் 'இந்தியர் வேண்டாம்' என்று போட்டால்தான் கஷ்டம். அரசியலமைப்பின் 8-ஆவது பிரிவு அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும், வீட்டுக்காரரை அல்ல. அங்கே நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம்.

தாமான்வாசி:
நம் ஆட்கள் செய்வதையும் பேசியாக வேண்டும். என் ஒட்டுக்கடைக்கு வரும் வங்காளதேசத் தோட்டத் தொழிலாளி ஒருவரை பஸ் நிறுத்தத்தில் நம் தாமான் (வீடமைப்புப் பகுதி) பையன்கள் கேலி செய்து, பாட்டிலால் எறிந்திருக்கிறார்கள். நெற்றியில் காயம். போலீசுக்குப் போகமாட்டேன் என்றார். பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கிறதாம். 1966 பாஸ்போர்ட் சட்டப்படி அதை வாங்கி வைத்துக்கொள்வதே குற்றம், அதற்கு அடிபட்டவர் பயப்படுகிறார்!

பஸ் நிறுத்தம் மன்றத்துடையது அல்லவா, அந்தச் சாக்கில் புகார் கொடுத்தேன். அடிபட்டவரின் பெயரை மன்றத்தில் கேட்கவில்லை. கவுன்சிலர் விளக்குப் போட வைத்தார், பையன்களின் பெற்றோரை ருக்குன் தெத்தாங்கா கூட்டத்துக்கு அழைத்தார். ஒரு அப்பா மட்டும் வந்தார். மற்றவர்கள் வராதது எனக்கு இன்னும் ஆத்திரம். கோயில் சுவருக்குக் கொதித்த அதே ஆட்கள்தான்.

செம்பனைக்காடு:
நீங்கள் சொல்வது நியாயம், அக்கா. பெயர் கேட்காமல் புகார் வாங்குவதையும் நாங்கள் கேட்கப்போகும் பட்டியலில் சேர்த்துவிட்டேன். மன்றக் கூட்டம் பொதுவாகப் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்று அந்த 1976 சட்டமே சொல்கிறது. அடுத்த கூட்டத்துக்குக் கோயில் கமிட்டியும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோரும் சேர்ந்து போகிறோம். ஐயா, அந்தப் படிவத்தின் மாதிரி உங்களிடம் இருந்தால் இங்கே போடுங்கள், அச்செடுத்துக்கொண்டு போகிறோம்.