அடிலெய்டிலிருந்து பெர்த்துக்குக் கேரவனில்: இரண்டு வாரம் போதுமா?

கார்த்திக்_அடிலெய்டு கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். ஜூலை பள்ளி விடுமுறையில் கேரவனை இழுத்துக்கொண்டு பெர்த் வரை போய்த் திரும்பலாம் என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம். கையில் இருப்பது இரண்டே வாரம். வண்டி டீசல் பிராடோ. கேரவன் 18 அடி, பழையது, போன மாதம்தான் வாங்கினோம். இதுவரை விக்டர் ஹார்பர் வரைதான் இழுத்துப் போயிருக்கிறேன். நான், மனைவி, ஒன்பது வயதிலும் ஆறு வயதிலும் பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா என்று ஐந்து பேர்.

எங்களுக்குக் கடல்தான் முக்கியம். அம்மா கடற்கரை ஊரில் பிறந்து வளர்ந்தவர். இங்கே வந்ததிலிருந்து கிளெனெல்க் கடற்கரையைத் தவிர எதையும் பார்க்கவில்லை. பெர்த்துக்குப் போகும் வழியில் வரும் ஏர் நெடுஞ்சாலையில் கடல் எங்கே நன்றாகத் தெரியும்? டீசல் கிடைக்குமா? அம்மாவுக்கு இடுப்பு வலி இருக்கிறது. வண்டி ஓடும்போது கேரவனுக்குள் படுத்துக்கொண்டு வரலாமா? இட்லி மாவு, காய்கறி எல்லாம் கொண்டுபோக விடுவார்களா?

செல்வி_செடூனா:

தம்பி, வணக்கம். நான் செடூனாவில் நர்ஸாக இருக்கிறேன். நீங்கள் கேட்கிற சாலை என் வீட்டு வாசலில் போகிற சாலை, அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன். இந்த இரண்டு வாரத்தில் பெர்த் வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். அடிலெய்டிலிருந்து பெர்த் கிட்டத்தட்ட 2,700 கி.மீ. போய்த் திரும்பினால் 5,400. ஒரு நாள்கூட நிற்காமல் ஓட்டினாலும் தினம் 385 கி.மீ. வரும். ஜூலையில் பகல் குறைவு. விடியும்போதும் அந்தி சாயும்போதும் கங்காருவும் வொம்பாட்டும் சாலைக்கு வரும். ஆக, காலை எட்டுக்குக் கிளம்பி நாலரைக்குள் நிறுத்திவிட வேண்டும். அதற்குள் சாப்பாடு, டீசல், பிள்ளைகளுக்குக் கழிவறை எல்லாம் பார்த்தால், கடலைப் பார்க்க வந்தவர்கள் முன்னால் போகும் லாரியின் பின்பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டு போவீர்கள்.

இன்னொன்று. ஏர் நெடுஞ்சாலை மொத்தமும் கடலோரம் கிடையாது. போர்ட் அகஸ்டாவிலிருந்து செடூனா வரை 470 கி.மீ. கோதுமை வயல்தான். மேற்கு ஆஸ்திரேலிய எல்லையைத் தாண்டி மதூராவுக்கு அப்புறம் நார்ஸ்மன் வரை சாலையிலிருந்து கடலே தெரியாது. நீங்கள் தேடுகிற கடல் எங்கள் பக்கத்தில் இருக்கிறது.

நான் சொல்லும் வழி இது. போர்ட் அகஸ்டாவில் மேற்கே நேராகப் போகாமல் தெற்கே திரும்பி வயாலா, கவல், டம்பி பே வழியாகப் போர்ட் லிங்கன் போங்கள். அங்கிருந்து ஃபிளிண்டர்ஸ் நெடுஞ்சாலையைப் பிடித்தால் காஃபின் பே, எலிஸ்டன், வீனஸ் பே, ஸ்ட்ரீக்கி பே என்று கடல் கூடவே வந்து செடூனாவில் விடும். இது 400 கி.மீ. அப்புறம் செடூனாவிலிருந்து மேற்கே, எல்லையில் இருக்கும் பார்டர் வில்லேஜ் வரை 480. அங்கேயே திரும்பி, வரும்போது மட்டும் உடின்னா, கிம்பா வழியாகக் குறுக்கே அடிலெய்டு வந்துவிடலாம். எல்லாம் கூட்டினால் 2,800 கி.மீ. சொச்சம். பெர்த்துக்கு ஒரு வழிப் பயணத்துக்கு ஆகிற தூரம்தான். நாலைந்து நாள் சும்மா உட்காரவும் நேரம் மிஞ்சும்.

எங்கே உட்கார வேண்டும் என்றால், முதலில் ஸ்ட்ரீக்கி பே. கேரவனை அங்கே கேரவன் பார்க்கில் கழற்றி வைத்துவிட்டுக் காரில் மட்டும் பாயிண்ட் லபாட் போங்கள். வழியில் மண் சாலை வரும், மெதுவாகப் போனால் போதும். மேலே பாறையில் நின்று பார்த்தால் கீழே ஆஸ்திரேலியக் கடற்சிங்கங்கள் குட்டிகளோடு படுத்திருக்கும். வழியில் மர்ஃபிஸ் ஹேஸ்டாக்ஸ் என்ற செந்நிறக் கருங்கல் பாறைகளும் உண்டு. 150 கோடி ஆண்டுக்கு மேல் பழையவை. பிள்ளைகள் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள்.

அடுத்தது ஹெட் ஆஃப் பைட். இதற்காகவே நீங்கள் ஜூலையில் வர வேண்டும். தென்துருவப் பக்கத்துக் கடலில் கோடையைக் கழிக்கும் சதர்ன் ரைட் திமிங்கிலங்கள் குளிர்காலத்தில் குட்டி போட இங்கேதான் வருகின்றன. ஜூன் முதல் அக்டோபர் வரை இருக்கும், ஜூலை ஆகஸ்டில் தாயும் குட்டியுமாகக் கரைக்குப் பக்கத்திலேயே மிதக்கும். படகு தேவையில்லை. நெடுஞ்சாலையிலிருந்து திரும்பிக் கொஞ்ச தூரம் தார்ச் சாலையில் போனால் பார்வையாளர் மையம். நுழைவுக் கட்டணம் உண்டு. அங்கிருந்து பலகைப் பாதை இறங்குகிறது. ஒரு காலத்தில் எண்ணெய்க்காக இந்த இனத்தைக் கிட்டத்தட்ட இல்லாமலே ஆக்கிவிட்டார்கள். இன்று அதே கடலில் குட்டி தாயின் முதுகில் ஏறிப் புரண்டு விளையாடுகிறது. நைட் டியூட்டி முடிந்த கையோடு நான் காரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கிற இடம் அது. உங்கள் அம்மாவுக்கு அதை ஒரு மணி நேரத்தில் காட்டிவிட்டுக் கிளப்பாதீர்கள். அரை நாள் விடுங்கள். காற்று காதை அறுக்கும், குரங்குக் குல்லாவும் கனமான கம்பளியும் வேண்டும்.

அதற்கு மேற்கே நல்லார்பார் ரோட்ஹவுஸிலிருந்து (ரோட்ஹவுஸ் என்றால் டீசலும் சாப்பாடும் கிடைக்கிற சாலையோர நிறுத்தம்) எல்லை வரை 184 கி.மீ. அந்தத் தூரத்தில்தான் பண்டா செங்குத்துப் பாறைகள். சமவெளி அப்படியே அறுந்து கடலில் விழுகிற மாதிரி இருக்கும். பெயர்ப்பலகை வைத்த இடங்களில் மட்டும் நிறுத்துங்கள். அது சுண்ணாம்புப் பாறை. கீழே அலை அரித்து உள்ளே குடைந்திருக்கும், மேலே நிற்பவர்களுக்குத் தெரியாது. பிள்ளைகளின் கையை விடவே கூடாது.

இப்போது உங்கள் மற்ற கேள்விகள். ஓடும் கேரவனுக்குள் யாரும் இருக்கக் கூடாது, ஆஸ்திரேலியாவில் எங்கேயும் சட்டம் அதுதான். அம்மா காரில் முன் சீட்டில் பெல்ட் போட்டு உட்காரட்டும், சீட்டைக் கொஞ்சம் சாய்த்து, இடுப்புக்குப் பின்னால் ஒரு சின்னத் தலையணை கொடுங்கள்.

டீசல் கவலை வேண்டாம். செடூனாவுக்கு அப்புறம் பெனாங், நண்ட்ரூ, நல்லார்பார் ரோட்ஹவுஸ், பார்டர் வில்லேஜ் என்று இருக்கிறது. விலைதான் நகரத்தைவிட நன்றாகவே கூட இருக்கும். மேற்கே போகும்போது எதிர்காற்று அடித்தால் டீசல் குடிக்கும், அதனால் கணக்குப் பார்க்காமல் செடூனாவில் முழுத் தொட்டி அடித்துவிடுங்கள். தண்ணீரும் அங்கேயே. ரோட்ஹவுஸ்களில் தண்ணீர் கிடைப்பது அரிது, கேரவன் தொட்டியை நிரப்பித் தரச் சொல்லிக் கேட்கக் கூடாது.

காய்கறி விஷயம் கவனம். கிழக்கே திரும்பி வரும்போது செடூனாவில் பழ ஈ சோதனைச் சாவடி இருக்கிறது. கேரவன் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்ப்பார்கள். பழமும் காயும் அதற்கு முன்னால் சமைத்துத் தீர்ந்திருக்க வேண்டும். எல்லையைத் தாண்டி யூக்ளா வரை எட்டிப் பார்க்கலாம் என்று தோன்றினால், பார்டர் வில்லேஜிலும் ஒரு சாவடி. மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் தேனைக்கூட விட மாட்டார்கள். கறிவேப்பிலையை வீட்டிலேயே பொடியாக்கிக் கொண்டு வந்துவிடுங்கள்.

பாலா_வயாலா:

செல்வி அக்கா வழியைச் சொல்லிவிட்டார். நான் எடையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் பழைய கேரவன் என்று எழுதியிருக்கிறீர்கள்.

கிளம்புவதற்கு முன்னால் எல்லாச் சாமானும் ஏற்றி, தண்ணீர் நிரப்பி, ஐந்து பேரும் உட்கார்ந்து, பொது எடைமேடையில் நிறுத்திப் பாருங்கள். கேரவன் தகட்டில் ஏ.டி.எம். என்று ஒரு எடை போட்டிருக்கும், சாமானோடு சேர்த்துக் கேரவனுக்கு அனுமதித்த உச்ச எடை அது. அதைத் தாண்டக் கூடாது. இந்த அளவுக் கேரவனில் பெரும்பாலும் 300, 400 கிலோதான் ஏற்ற முடியும். 160 லிட்டர் தண்ணீர் என்றால் 160 கிலோ அங்கேயே போய்விட்டது. மீதியில் அரிசி மூட்டை, கேஸ், சைக்கிள், மேசை நாற்காலி எல்லாம் அடங்க வேண்டும். கொக்கியில் விழும் எடை மொத்தக் கேரவன் எடையில் பத்தில் ஒரு பங்கு இருக்கட்டும். பின்பக்கம் பாரம் கூடினால் 90இல் போகும்போதே கேரவன் வாலாட்ட ஆரம்பித்துவிடும்.

அப்படி ஆடினால் கார் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்யவும் பார்க்காதீர்கள். ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு, டாஷ்போர்டில் இருக்கும் பிரேக் கன்ட்ரோலரைக் கையால் தள்ளிக் கேரவனின் பிரேக்கை மட்டும் பிடியுங்கள், நேராகிவிடும். அந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று கை தானாகப் போகிற அளவுக்கு முன்கூட்டியே பழகிக்கொள்ளுங்கள். அக்கா சொன்ன வழியில் முதல் நாளே அதற்கு நல்ல இடம், போர்ட் அகஸ்டா வரை நல்ல சாலை.

ரோடு டிரெயின் என்கிற, பல டிரெய்லர்களைக் கோர்த்து இழுக்கும் லாரி 30 மீட்டருக்கு மேல் நீளம். அது உங்களைத் தாண்டும்போது முதலில் கேரவனை வெளியே தள்ளும், அப்புறம் உள்ளே இழுக்கும். நடுக்கோட்டை விட்டு விலகி நேராகப் பிடித்துக்கொண்டு, அது பக்கத்தில் வந்ததும் வேகத்தை லேசாகக் குறைத்தால் போதும். மண் ஓரத்தில் இறங்கி வழிவிடக் கூடாது, கல் அடிக்கும். யு.எச்.எஃப். ரேடியோவில் (வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் ரேடியோ) சேனல் 40 வைத்திருங்கள், லாரிக்காரர்கள் எல்லோரும் அதில்தான் பேசுவார்கள். "தாண்டிப் போங்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர்களுக்குப் பெரிய உதவி.

வயாலாவில் நின்றால் பாயிண்ட் லோலியைப் பாருங்கள். மே முதல் ஆகஸ்ட் வரை ராட்சதக் கணவாய்கள் முட்டையிட அங்கே கூடும்.

ஆனந்தி_பெர்த்:

எனக்கு அக்கா சொல்வதில் பாதிதான் சம்மதம். நாங்கள் பெர்த்திலிருந்து முழுச் சாலையும் போனோம். அந்த நீளம்தான் அதன் அழகு. பலடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் நடுவில் 146.6 கி.மீ. ஒரு வளைவுகூட இல்லாத நேர் சாலை. யூக்ளாவில் மணல் விழுங்கிக்கொண்டிருக்கும் 1877ஆம் ஆண்டுத் தந்தி நிலையம். அங்கே கடிகாரமும் தனி, தெற்கு ஆஸ்திரேலியாவைவிட 45 நிமிடம் பின்னால். இதையெல்லாம் விட்டுவிட்டு எல்லையில் திரும்பச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு மாதம் லீவு கிடைக்கிற வருடம் போங்கள் கார்த்திக்.

செல்வி_செடூனா:

ஆனந்தி சொல்வது சரி, ஒரு மாதம் இருந்தால் நானும் போகத்தான் சொல்வேன். கையில் இரண்டே வாரம், அம்மாவுக்கு இடுப்பு வலி என்பதைப் பார்த்துத்தான் என் பதில்.

கார்த்திக்_அடிலெய்டு:

எல்லோருக்கும் நன்றி. மனைவியிடம் காட்டினேன், பெர்த்தை விட்டாயிற்று. அக்கா வழியிலேயே போகிறோம். இன்னும் இரண்டு கேள்வி. அம்மாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி எங்கே? அப்புறம், அந்தக் குளிரில் மாவு புளிக்குமா?

செல்வி_செடூனா:

செடூனாவில் ஆஸ்பத்திரி இருக்கிறது. மேற்கே அடுத்தது நார்ஸ்மன், 1,200 கி.மீ. தள்ளி. நடுவில் அவசரம் என்றால் பறக்கும் மருத்துவர் சேவைதான். அந்த விமானம் இறங்குவதற்காக நெடுஞ்சாலையிலேயே சில இடங்களில் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். இதைச் சொல்வது பயமுறுத்த இல்லை, நான் சொல்லும் வழியில் நீங்கள் செடூனாவை விட்டு 480 கி.மீ.க்கு மேல் போகவே மாட்டீர்கள். மருந்து இரண்டு பங்காக வாங்கி, ஒன்றைக் காரிலும் ஒன்றைக் கேரவனிலும் வையுங்கள். மருத்துவர் கடிதமும், அம்மாவின் வருகையாளர் காப்பீட்டுத் தாளும் கார் டிராயரில் இருக்கட்டும்.

இன்சுலினை ஃப்ரீசர் பக்கம் ஒட்டி வைக்காதீர்கள், உறைந்தால் தூக்கித்தான் போட வேண்டும். கேரவன் ஃப்ரிட்ஜ் கேஸில் ஓடினால் டீசல் போடும் இடத்துக்குள் நுழையும் முன்பே அணைத்துவிட வேண்டும். திரும்ப 12 வோல்ட்டுக்கு மாற்ற மறந்து போகிறவர்கள் நிறைய பேர். அந்த வேலையைப் பெரிய பிள்ளையிடம் ஒப்படையுங்கள், ஒன்பது வயதுப் பிள்ளை மறக்காது.

மாவு கேரவனில் ராத்திரி புளிக்காது, ஜூலையில் இங்கே ஆறேழு டிகிரிக்கு இறங்கும். பகலில் காருக்குள் ஹீட்டர் ஓடும்போது காலடியில் வையுங்கள், சாயங்காலத்துக்குள் பொங்கிவிடும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்ற வேண்டாம். மூடியை இறுக்கவும் வேண்டாம்.

கேரவன் பார்க் இடங்களை இப்போதே பதிவு செய்யுங்கள், விடுமுறையில் ஸ்ட்ரீக்கி பேயும் காஃபின் பேயும் சீக்கிரம் நிரம்பும். செடூனாவுக்கு வரும் தேதி முடிவானதும் இங்கே தனிச்செய்தி அனுப்புங்கள். என் டியூட்டி பார்த்துக்கொண்டு வருகிறேன், அம்மாவுக்கு ரசம் சாதமும் இந்த ஊர் மீனும் என் பொறுப்பு.