கீழ்த்தளத்துக்கு மட்டும்தானே தண்ணி? வீட்டுக் காப்பீடு: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

இரண்டாம் எண்ணுக்குப் பக்கத்து வீடு, புதுச்சேரி

ரெயின்போ நகரை ஒட்டி 24 சின்ன வீடுகள் கொண்ட மாடிக் குடியிருப்பு எங்களுடையது. ஆட்டோ ஓட்டுபவர், மில் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், துணிக்கடை ஊழியர் என்று சேர்ந்து சங்கம் வைத்து வாங்கியது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையேறியும் நகராமல் நம் தலைமேலேயே உட்கார்ந்துகொண்டது நினைவிருக்கும். ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. மூன்று மணிக்கு வாசற்படியில் இருந்த தண்ணீர் ஐந்து மணிக்கு சுவிட்சு போர்டைத் தொட்டது. ஃப்ரிட்ஜ் மிதந்து, மல்லாந்து, சமையலறை வழியை அடைத்துக்கொண்டது.

"சங்கத்துக்கு பாலிசி இருக்கு, பயப்படாதீங்க" என்றார் செயலாளர். சேதத்தைக் கணக்கெடுக்கும் காப்பீட்டு சர்வேயர் ஒன்பதாம் நாள்தான் வந்தார். அதற்குள் எல்லாரும் வீட்டைக் கழுவிவிட்டோம். சேற்றில் எத்தனை நாள் குடியிருப்பது? "தண்ணி எவ்வளவு உயரம் நின்னுச்சு?" என்று கேட்டார். ஆளுக்கொரு உயரம் காட்டினோம். இரண்டாம் எண் வீட்டு ஆயா மட்டும் ஒரு சுவரை யாரையும் தொடவிடாமல் வைத்திருந்தார். பழுப்பாக ஒரு கோடு, அதற்குக் கீழே பொருக்குத் தட்டிய சேறு. சர்வேயர் டேப் பிடித்தார்: 3 அடி 2 அங்குலம். அதுதான் ஃபைலில் ஏறியது.

மதில் சுவருக்கும் மோட்டாருக்கும் பணம் வந்தது. ஃப்ரிட்ஜ், பீரோ, மெத்தை, தையல் மிஷின் எதற்கும் வரவில்லை. சங்கத்தின் பாலிசி கட்டடத்துக்கு மட்டும். சாமான் அவரவர் பாடு. தாளில் தெளிவாகத்தான் போட்டிருக்கிறது. யார் படித்தோம்?

இப்போது பாலிசி ரினியூவல் வந்திருக்கிறது. பிரீமியம் 9,600 ரூபாய் இருந்தது 14,400 ஆகிவிட்டது. அதாவது வீட்டுக்கு 400, இனி 600. "தண்ணி வந்தது உங்களுக்கு, நாங்க எதுக்குக் கூடக் கட்டணும்?" என்கிறார்கள் மேல் மாடிக்காரர்கள். இந்தத் தகராறு வேறு எங்காவது நடந்ததா?

முதுநகர் வாத்தியார், கடலூர்

எங்கள் கதை 2011. டிசம்பர் 30 காலை 'தானே' புயல் அடித்தது. காலனியில் எல்லாரும் சேர்ந்து தீ விபத்து பாலிசி எடுத்திருந்தோம். பெயர்தான் தீ, புயலும் வெள்ளமும் அதில் சேரும். ஆனால் அவை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தால் அப்போது பிரீமியத்தில் கழிவு உண்டு. ஏஜென்ட் அதைத்தான் செய்து வைத்திருந்தார். கடலூரில்! சுனாமி பார்த்த ஊரில்! கூரை ஷீட் எல்லாம் பறந்துபோன பிறகுதான் தெரிந்தது. கீழே எங்கள் கையெழுத்து இருக்கிறதே, என்ன பேசுவது?

2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டுக் காப்பீட்டு பாலிசியில் புயல், வெள்ளம் அடிப்படையிலேயே இருக்கிறது. ஆனாலும் நான் இப்போதெல்லாம் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசிப் பக்கம் வரை படிக்கிறேன்.

பெண்ணையாற்றுக் கரை, கடலூர்

ஃபெஞ்சல் மழையில் சாத்தனூர் அணையில் விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்தார்கள். எங்கள் தெருவில் மழை விட்டிருந்தது, வீட்டுக்குள் ஆறு வந்தது. லோன் போட்டுக் கட்டிய வீடு. வங்கியே பாலிசி எடுத்து வைத்திருந்ததாம், எனக்கு அப்போதுதான் தெரியும். பணமும் வந்தது, லோன் கணக்குக்கு! அசல் குறைந்தது, சரி. உப்பிப்போன கதவை யார் மாற்றுவது? என் கைக்கு வந்தது அரசு கொடுத்த 2,000 ரூபாய்தான். பின்கதவுக்கு இன்னும் சாக்குதான் தொங்குகிறது.

ஓய்வுபெற்ற காப்பீட்டு ஊழியர், புதுச்சேரி

காப்பீட்டு நிறுவனமும் தனக்கு ஒரு காப்பீடு எடுக்கிறது, மறுகாப்பீடு என்பார்கள். கடல் சூடாகச் சூடாகப் புயல் கூடுதல் ஈரத்தை அள்ளி வந்து கொட்டுகிறது. நஷ்டக் கணக்கு ஏறினால் அங்கே விலை ஏறும், பிறகு அது உங்கள் ரசீதில் இறங்கும்.

மாடிக்காரர்களிடம் கேளுங்கள்: சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி), மீட்டர் பெட்டி, படிக்கட்டு, அஸ்திவாரம் எல்லாம் எந்த மாடியில் இருக்கின்றன? கட்டடப் பிரீமியம் எல்லாருக்கும் பொது. சாமானுக்குக் கீழ்த்தளத்துக்காரர்கள் தனியாக எடுங்கள். அப்புறம், தண்ணீர் வடிவதற்கு முன்பே படம் எடுங்கள், எல்லா வீட்டிலும் ஆயா இருக்க மாட்டார். க்ளெய்மை மறுத்தால் முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். அதிலும் சரிவராவிட்டால் சென்னையில் இருக்கும் காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் ஒரு வருஷத்துக்குள் போகலாம், கட்டணம் இல்லை. புதுச்சேரியும் அவர் எல்லைதான்.

இரண்டாம் எண்ணுக்குப் பக்கத்து வீடு

நன்றி சார். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டோம். 24 பங்கும் சமம் என்று முடிந்தது. மூன்றாம் மாடியில் ஒருவர் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. அன்றைக்கு முழுகிய பைக்குகளில் அவருடையதும் ஒன்று. அதை யாரோ சொல்லப்போக, கோபித்துக்கொண்டு மேலே போய்விட்டார். ஆயா அந்தச் சுவருக்கு இந்தப் பொங்கலுக்கும் வெள்ளையடிக்க விடவில்லை.