ஏற்காட்டு மலையாளி பழங்குடி இளைஞர்கள் வேலையில் நிலைக்க என்ன செய்யலாம்?

கேள்வி:
சேலத்தில் சின்ன பேக்கிங் யூனிட் நடத்துகிறேன். ஏற்காட்டு மலை கிராமங்களிலிருந்து மலையாளி பழங்குடி இளைஞர்களை (கேரளத்தார் அல்ல, இந்த மலையில் வாழும் தமிழ் பேசும் பழங்குடியினர்) எடுத்தோம். நன்றாக வேலை செய்கிறார்கள், ஆனால் சில மாதங்களில் பலர் நின்றுவிடுகிறார்கள். சம்பளம் மற்றவர்களுக்குச் சமம்தான். எதை மாற்ற வேண்டும்?

பதில் (மலைக்காரர்):
அண்ணா, முதலில் ஷிப்ட் நேரத்தைப் பாருங்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு வந்தாலும் அதோடு முடியாது, அங்கிருந்து ஊருக்குள் போக இன்னொரு வண்டி வேண்டும், அது இருட்டினால் கிடைக்காது. தங்க நல்ல இடம் கொடுங்கள், இல்லையென்றால் பகல் ஷிப்ட் போடுங்கள். அப்புறம் மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா. அதற்கு லீவு கேட்டுக் கெஞ்ச வைத்தால் யாரும் திரும்பி வரமாட்டார்கள். காபி பறிக்கும் நாட்களிலும் வீட்டில் ஆள் தேவைப்படும்.

பதில் (எச்.ஆர். வேலையில் இருப்பவர்):
ஒரே ஊரிலிருந்து இரண்டு மூன்று பேராக எடுங்கள், தனியாளாக வந்தால் தாக்குப்பிடிப்பது கஷ்டம். தனியாரில் இடஒதுக்கீடு இல்லை, எனவே சேரும்போதே சாதிச் சான்றிதழ் கேட்காதீர்கள். எஸ்டி (பழங்குடியினர்) சான்றிதழை ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்)தான் தருவார், அதற்கு அலைந்தே பலர் சோர்ந்துபோகிறார்கள். சூப்பர்வைசர் அவர்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். சாதியைச் சொல்லித் திட்டினால் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது என்று எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
சரி, திருவிழா லீவை இந்த வருடமே காலண்டரில் சேர்க்கிறேன். தங்குமிடத்துக்கு வாடகை பிடிக்கலாமா?

பதில் (மலைக்காரர்):
வேண்டாம் அண்ணா. முதல் சம்பளம் முழுதாக வீட்டுக்குப் போகட்டும்.