பிடித்த திருடனைப் பன்னிரண்டே நாளில் ஜாமீனில் விட்டுவிட்டார்கள். இது சரியா?

தூங்காவிழி:
என் வண்டியைத் திருடியவனைப் போலீஸ் பிடித்தது. பன்னிரண்டாம் நாள் தெருமுனையில் நிற்கிறான். என்னைப் பார்த்து ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்காத குறை. குடியிருப்போர் சங்கத்தில் ஒரு மனு சுற்றுகிறது: திருட்டு வழக்கில் ஜாமீனே கூடாது, தண்டனையை இரட்டிப்பாக்க வேண்டும். சங்கத்திலேயே ஒருவர் மட்டும் கையெழுத்துப் போடாமல் சிறைச் சீர்திருத்தம் பேசுகிறார். நாங்கள் புதுப் பூட்டு வாங்கிக்கொண்டிருக்கிறோம், அவர் கைதிகளுக்கு நூலகம் கேட்கிறார்! பேனாவை எடுக்கும் முன் கேட்டுவிடுகிறேன். கடுமை காட்டினால் திருட்டு குறையுமா?

நெற்றியடி:
இதில் கேட்க என்ன இருக்கிறது? கலிஃபோர்னியாவில் 2014இல் வாக்கெடுப்பு வைத்து, 950 டாலர் வரையிலான திருட்டைச் சிறு குற்றம் ஆக்கினார்கள். பத்து வருடம் கழித்து, 2024இல், இன்னொரு வாக்கெடுப்பில் மறுபடி இறுக்கினார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் சீர்திருத்தம் பேசி ஜெயித்த மாவட்ட அரசு வழக்கறிஞர் சேசா பூடினை 2022இல் மக்களே பாதியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். பட்டவர்கள் சொல்வதைக் கேளுங்கள். கையெழுத்துப் போடுங்கள்.

வாய்தா வக்கீல்:
இருபது வருடமாகக் குற்றவியல் நீதிமன்றத்தில் நிற்கிறேன். திருடியவனுக்கும் ஆஜராகியிருக்கிறேன், பறிகொடுத்தவருக்கும் ஆஜராகியிருக்கிறேன்.

திருட்டைக் குறைப்பது தண்டனையின் நீளம் இல்லை, மாட்டிக்கொள்வோம் என்ற பயம். பெக்கரியா என்ற சட்டச் சிந்தனையாளர் இதை இத்தாலியில் 1764லேயே எழுதிவிட்டார். என் கட்சிக்காரர்களில் ஒருவன்கூட எத்தனை வருடம் கிடைக்கும் என்று பார்த்துவிட்டுக் கை வைத்ததில்லை. கேமரா இருக்கிறதா, நாய் இருக்கிறதா, அவ்வளவுதான் பார்ப்பான். மூன்று வருடத்தை ஆறு ஆக்கினாலும் அவனுக்கு அது சேதியே இல்லை.

ஜாமீன் கூடாது என்கிறீர்கள். ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். பத்தொன்பது வயது, செல்போன் திருட்டு, முதல் வழக்கு. ஜாமீன் உத்தரவு பத்து நாளில் வாங்கிவிட்டேன். ஆனால் சொத்து ஆவணத்தோடு இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும். அவன் அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவர். சொத்து வைத்திருக்கிற யாரை அவருக்குத் தெரியும்? அந்த நாலு வீட்டிலும் கேட்டார். அதில் இரண்டு வீட்டில் வேலை போனதுதான் மிச்சம். நான்கு மாதம் உத்தரவு என் பையில் இருந்தது, பையன் உள்ளே இருந்தான். செல்போன் எடுத்து உள்ளே போனவனுக்கு, வெளியே வந்தபின் வந்த அடுத்த வழக்கு வண்டித் திருட்டு. எஞ்சின் நம்பரை அடித்து மாற்றியிருந்தான். எங்கே கற்றுக்கொண்டான் என்று நான் கேட்கவில்லை.

இது புதுக் கதையும் இல்லை. 1978இல் மோத்தி ராம் என்ற கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. அங்கே ஜாமீன் கொடுக்கச் சொல்லியும், கீழ் நீதிமன்றத்தில் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். அண்ணன் தம்பி ஜாமீன் நிற்க வந்தால், சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளினார்கள். நீதிபதி கிருஷ்ணய்யர் விளாசிவிட்டு ஜாமீன்தாரர் இல்லாமல், அவரே எழுதிக்கொடுக்கும் ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். நியூயார்க்கில் காலிஃப் பிரவுடர் என்ற பதினாறு வயதுப் பையன் ஒரு முதுகுப்பையைத் திருடியதாக 2010இல் உள்ளே போனான். ஜாமீன் கட்டப் பணமில்லை. விசாரணையே நடக்காமல் சுமார் மூன்று வருடம், அதில் பெரும்பகுதி தனிமைச் சிறை. கடைசியில் வழக்கைக் கைவிட்டார்கள். 2015இல் தற்கொலை செய்துகொண்டான்.

எல்லோரையும் விடச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். கத்தி எடுத்தவனையும், சாட்சியை மிரட்டுகிறவனையும், நாலாவது வழக்கில் வருகிறவனையும் உள்ளேதான் வைக்க வேண்டும். பத்து நிமிட விசாரணையில், யாரிடம் சொத்து ஆவணம் இருக்கிறது என்று பார்ப்பதற்குப் பதில் இதைப் பார்க்கலாம்.

நெற்றியடி சார், மக்கள் ஓட்டுப் போட்டது எனக்கும் தெரியும். கோபத்தில் நியாயம் இருக்கிறது. அந்தக் கோபத்தை எதில் செலவழிக்கிறோம் என்பதுதான் என் கேள்வி. ஒரு திருட்டு வழக்கு எப்படிச் சாகிறது என்று வந்து பாருங்கள். ஒரு அரசு வழக்கறிஞர் மேஜையில் ஒரு நாளைக்கு நாற்பது கட்டு. சாட்சி மூன்று தடவை வருவார், மூன்று தடவையும் வாய்தா. நாலாவது தடவை வர மாட்டார். வந்தாலும், போய்த் தொலையட்டும் என்று ‘அடையாளம் தெரியவில்லை’ என்பார். விடுதலை. தண்டனையை இரட்டிப்பாக்கினால் என்ன, பூஜ்யத்தை இரட்டிப்பாக்கின கதைதான்.

தூங்காவிழி, உங்கள் வழக்கில் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகிவிட்டதா?

தூங்காவிழி:
உண்மையைச் சொன்னால், தெரியாது சார். வண்டி திரும்பக் கிடைத்தது, அப்புறம் நான் அந்தப் பக்கம் போகவே இல்லை. ஒரு தடவை கூப்பிட்டார்கள், லீவு கிடைக்கவில்லை.

கரும்பலகை:
சிறையில் ஆறு வருடம் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தேன். நூலகத்தைக் கேலி செய்ததால் எழுதுகிறேன். நார்வேயில் 2010இல் திறந்த ஹால்டன் சிறையைப் பார்த்து ‘இது ஹோட்டலா’ என்பார்கள். நூலகம், பட்டறை எல்லாம் உண்டு. அங்கே நீண்ட தண்டனைக்காரனும் என்றோ ஒரு நாள் யாருடைய பக்கத்து வீட்டுக்காவது வருவான் என்று கணக்குப் போட்டுத்தான் கட்டினார்கள்.

நான் பார்த்த விடுதலை நாள் வேறு மாதிரி. பொழுது சாயும் நேரத்தில் கதவு திறக்கும். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அடையாள அட்டையும் போனும் வழக்குச் சொத்தாக நீதிமன்றத்தில் கிடக்கும். வீட்டு நம்பர் மனப்பாடமாகத் தெரிந்தவன் வாசல் காவலரிடம் போன் கேட்பான். தெரியாதவனைக் கூட்டிப்போக உள்ளே பழகின யாராவது பைக்கோடு நிற்பான். ‘நம்பர் எழுது’ என்பதைத்தான் என் வகுப்பில் முதல் பாடமாக வைத்திருந்தேன்.

நெற்றியடி:
எல்லாம் சரி டீச்சர். அந்த ஆள் நாளைக்கே இவர் வண்டியை மறுபடி எடுத்தால்?

வாய்தா வக்கீல்:
ஜாமீனை ரத்து செய்யச் சொல்லி மனுப் போடலாம் சார், ரத்தாகவும் செய்யும். அதற்கு முதல் வழக்கின் எஃப்.ஐ.ஆர். நம்பர் வேண்டும். தூங்காவிழி, நகல் கையில் இருக்கிறதா?

தூங்காவிழி:
வண்டி பெட்டியில் வைத்த ஞாபகம். பார்த்துவிட்டு வருகிறேன்.