மூணே கால் லட்சம் தாண்டிய வண்டிக்கு என்ன ஆயில், எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை? பட்டறிவைச் சொல்லுங்கள்

மேடவாக்கம், டிசையர் டீசல் 2016

எல்லோருக்கும் வணக்கம். மஞ்சள் போர்டு வண்டி. மீட்டரில் 3,42,000 காட்டுகிறது. ஏர்போர்ட், ஓ.எம்.ஆர்., இடையிடையே திருப்பதி, வேலூர். ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் வரும். வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கிற 10,000 கிலோமீட்டர் கணக்கைத்தான் இத்தனை வருடமும் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். 5டபிள்யூ-30 கிரேடு சிந்தெடிக் ஆயில், ஒவ்வொரு முறையும் புது ஃபில்டர். ஒரு முறைகூடத் தள்ளிப்போட்டதில்லை.

போன மாதம் ஒரு நாள் விடியற்காலை சாவியைத் திருப்பினால் இன்ஜின் முன்பக்கம் சங்கிலியைத் தகரத்தில் போட்டு இழுத்த மாதிரி ஒரு சத்தம். இரண்டு மூன்று வினாடி, அப்புறம் அடங்கிவிட்டது. மறுநாளும் அதே. டைமிங் செயின், அதாவது வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கிற சங்கிலி, தளர்ந்திருக்கிறது என்றார் மெக்கானிக். ஆயிலை இறக்கினோம். மூன்று லிட்டருக்கு மேல் இருக்க வேண்டியது, இரண்டு லிட்டர்கூட வரவில்லை. கடைசியாக மாற்றி 9,400 கிலோமீட்டர்தான் ஆகியிருந்தது. கீழே ஒரு சொட்டு ஒழுகல் இல்லை, புகையும் இல்லை.

செயின், டென்ஷனர், கூலி எல்லாம் சேர்த்து ஒரு மாத வண்டித் தவணைக்கு மேல் போய்விட்டது. இப்போது கேள்வி இதுதான். 15டபிள்யூ-40க்கு மாறிவிடலாமா? 10,000 கணக்கு சரியா? ஏட்டுக் கணக்கு வேண்டாம், நீங்கள் பட்டதைச் சொல்லுங்கள்.

கணபதி, கோவை. ஒர்க்‌ஷாப், 22 வருடம்

தம்பி, கிரேடை அப்புறம் பார்ப்போம். முதலில் உங்கள் வண்டி எத்தனை மணி நேரம் ஓடியது என்று பாருங்கள்.

ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் என்கிறீர்கள். சாவி போட்டே இருக்கிற நேரம் பத்து மணி இருக்குமா? ஏர்போர்ட் பார்க்கிங்கில் ஏசி போட்டுக் காத்திருக்கிற நேரம், சிக்னல், மெட்ரோ வேலை நடக்கிற ரோடு எல்லாம் சேர்த்து. அப்படியானால் சராசரி மணிக்கு 20. பத்தாயிரம் கிலோமீட்டர் என்பது 500 மணி நேரம். சேலம், பெங்களூர் என்று ஹைவேயில் மட்டும் ஓடுகிற வண்டிக்கு அதே பத்தாயிரம் 170 மணிக்குள் முடிந்துவிடும். இரண்டு ஆயிலும் ஒன்றாகுமா? டிராக்டரையும் ஜெனரேட்டரையும் மணிக்கணக்கில்தானே சர்வீஸ் செய்கிறோம். திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிக்காரரிடம் போய், கம்ப்ரஸருக்கு எத்தனை கிலோமீட்டருக்கு ஆயில் மாற்றுகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்.

புத்தகத்தில் 10,000 போட்டிருக்கும் பக்கத்தைத் தாண்டி இன்னும் இரண்டு பக்கம் புரட்டினால், தூசி, நெரிசல், அதிக ஐட்லிங் (நின்ற இடத்திலேயே இன்ஜின் ஓடுவது) இருந்தால் இதைவிடச் சீக்கிரம் மாற்று என்றும் இருக்கும். டாக்சி அந்தக் கணக்கில்தான் வரும். அந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை. என்னிடம் வருகிற சிட்டி டாக்சி எல்லாவற்றுக்கும் 5,000தான் சொல்கிறேன்.

இன்னொன்று. நீங்கள் சொல்கிற கணக்கில் 9,400 கிலோமீட்டருக்குச் சுமார் ஒன்றேகால் லிட்டர் குறைந்திருக்கிறது. ஆயிரத்துக்கு 130 மில்லி. இவ்வளவு ஓடிய இன்ஜின் இதைக் குடிப்பது பெரிய விஷயமே இல்லை. அதனால்தான் புகையும் தெரியவில்லை. ஆனால் ஆயில் அளவு பார்க்கிற கம்பியான டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவில் இருப்பதே பெரும்பாலான கார்களில் ஒரு லிட்டர்தான். கடைசி ஒன்பது, பத்து நாள் கீழ் கோட்டுக்கும் கீழே ஓட்டியிருக்கிறீர்கள். அந்த டென்ஷனர் ஆயில் பிரஷரில்தான் செயினை இழுத்துப் பிடிக்கும். நடுவில் இரண்டு தடவை அரை அரை லிட்டர் டாப்-அப் செய்திருந்தால் செயின் இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருக்கும். கடைசியாக எப்போது டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தீர்கள்?

மேடவாக்கம்

உண்மையைச் சொன்னால் பார்த்ததே இல்லை அண்ணே. சர்வீஸில் பார்ப்பார்கள் என்று விட்டுவிட்டேன். ஆயில் லைட் எரியவில்லையே என்ற தைரியம்.

கணபதி, கோவை

அந்த லைட் அளவைக் காட்டாது தம்பி, பிரஷரைக் காட்டும். அது எரிகிற நேரத்தில் பாதிச் சேதம் முடிந்திருக்கும். சமதரையில் நிறுத்தி, அணைத்து ஐந்து பத்து நிமிடம் விட்டு, துடைத்துவிட்டு இரண்டாவது முறை விட்டு எடுத்துப் பாருங்கள். வாரம் ஒரு நாள், டீசல் போடுகிற அன்றைக்கு.

கிரேடு பற்றி. 5டபிள்யூ, 15டபிள்யூ என்பது குளிரில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதற்கு. சென்னைக் குளிருக்கு அதில் பெரிய வித்தியாசம் தெரியாது. பின்னால் வருகிற 30, 40தான் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பது. 100 டிகிரியில் 30 கிரேடின் கெட்டித்தன்மை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை, 40 கிரேடுக்கு 12.5 முதல் 16.3 வரை. ஆயிரத்துக்கு 130 மில்லி குடிக்கிற வண்டிக்கு கிரேடை மாற்ற வேண்டாம். அரை லிட்டர் குடிக்க ஆரம்பித்தால் 5டபிள்யூ-40 போட்டுப் பார்க்கலாம்.

திருப்பூர், பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக், பனியன் கம்பெனி சாம்பிள் ஓட்டம்

கெட்டி ஆயில் கதை என்னிடம் இருக்கிறது. 2 லட்சம் தாண்டியதும் டேப்பெட் (வால்வைத் தள்ளுகிற பாகம்) சத்தம் வந்தது. தெரிந்த ஒருவர் 20டபிள்யூ-50 போடு, கப்சிப் ஆகிவிடும் என்றார். ஆனது. ஒரு மாதம் சந்தோஷமாக ஓட்டினேன். இழுவை குறைந்து, மைலேஜும் லிட்டருக்கு ஒன்றரை கிலோமீட்டர் அடிவாங்கியது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சத்தம் முன்பைவிட நீளமாகக் கேட்டது. இந்தத் தடிமன் மேலே ஏறிவரவே நேரம் பிடிக்கிறது என்று வேறொரு மெக்கானிக் சொல்லித்தான் புரிந்தது. பழைய கிரேடுக்கே வந்துவிட்டேன். டேப்பெட் இடைவெளியைச் சரிசெய்ததும் சத்தம் போய்விட்டது. அதற்கு ஆன செலவு ஒரு கேன் ஆயிலைவிடக் குறைவு.

எங்கள் அப்பா அம்பாசடர் ஓட்டியவர். டிக்கியில் ஸ்டெப்னி இருக்கிறதோ இல்லையோ, ஒரு கேன் ஆயில் இருக்கும். பெட்ரோல் போடுகிற ஒவ்வொரு முறையும் பானட்டைத் திறப்பார். அந்த வண்டி அப்படிப் பழக்கிவிட்டது. நமக்குப் பானட் எங்கே திறப்பது என்றே மறந்துபோகிறது.

காஞ்சிபுரம், இரண்டு சிஎன்ஜி கார், டிரைவர் போட்டு ஓட்டுகிறேன்

ஆயில் நிறத்தைப் பார்த்து ஏமாறுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் நேரடியாக ஓட்டுவதில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை இரண்டு வண்டியையும் நானே பார்ப்பேன். ஒரு வண்டியில் 9,000 ஓடிய பிறகும் ஆயில் தேன் மாதிரி இருந்தது. இதைப் போய் ஏன் கொட்ட வேண்டும் என்று 14,000 வரை விட்டேன். இறக்கும்போது நிறம் அப்படியேதான் இருந்தது, ஆனால் வாடை மாறியிருந்தது. மூடியின் உள்பக்கம் பழுப்பாக வார்னிஷ் பூசிய மாதிரி இருந்தது. கேஸ் சுத்தமாக எரிவதால் கரி சேர்வதில்லை, ஆனால் எரிகிற இடத்தில் சூடு அதிகம், ஆயில் அதில் வெந்துபோகிறது என்று மெக்கானிக் விளக்கினார்.

இதற்கு நேர்மாறாக, எங்கள் கொழுந்தனாருடைய டீசல் வண்டியில் மாற்றிய மறுநாளே ஆயில் கறுத்துவிட்டது, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சண்டைக்குப் போனார். டீசலில் அது கறுக்கத்தான் செய்யும், கரியைத் தூக்கிவைத்துக்கொள்வதுதானே அதன் வேலை. இப்போது இரண்டு வண்டிக்கும் நோட்டுப் போட்டுவிட்டேன். நிறத்தை யாரும் பார்க்கக் கூடாது, தேதியைப் பார் என்று டிரைவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

மதுரை, சுமோ, கல்யாண வாடகை

இன்ஜினுக்குள் இருக்கிற அழுக்கைக் கரைக்கும் ஃப்ளஷ் போடலாமா என்று யாராவது கேட்டால் என் கதையைச் சொல்லுங்கள். வண்டியை 2.6 லட்சம் கிலோமீட்டர் ஓடிய நிலையில் செகண்ட்ஹேண்டில் வாங்கினேன். ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தால் உள்ளே கறுப்பு அல்வா. சுத்தம் செய்துவிட்டுப் புதிதாக ஆரம்பிப்போம் என்று ஃப்ளஷ் ஊற்றி, பத்து நிமிடம் ஓடவிட்டு, இறக்கி, புது ஆயில் போட்டோம். நான்காம் நாள் கொடைக்கானல் மலையில், பின்னால் ஏழு பேர், கொண்டை ஊசியில் வேகம் குறைந்ததும் சிவப்பு லைட் மினுக் மினுக் என்றது. அங்கேயே அணைத்துவிட்டேன். அது ஒன்றுதான் நான் சரியாகச் செய்தது. ஆயில் தேங்குகிற அடித்தொட்டியான சம்பைக் கழற்றினால், ஆயிலை வடிகட்டுகிற ஸ்ட்ரெய்னர் வலை முழுக்க அந்த அல்வாத் துணுக்கு.

பல வருட அழுக்கை ஒரே நாளில் கிளப்பினால் அது எங்கே போகும்? சம்பைக் கழற்றிக் கையால் துடைத்துவிட்டு, முதல் மூன்று தடவை 2,000, 2,500க்கு ஒருமுறை சாதாரண ஆயில் மாற்றினேன். நான்காவது முறை மூடியைத் திறந்தபோது உலோகம் தெரிந்தது.

ஓசூர், பிஎஸ்6 டீசல், கம்பெனி பிக்கப்

நீங்கள் எல்லோரும் ஆயில் குறைவதைப் பற்றிப் பேசுகிறீர்கள். என் வண்டியில் ஏறியது! மேல் கோட்டுக்கு மேலே ஒரு விரல்கடை. நல்ல வண்டி, குடிப்பதே இல்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். டிப்ஸ்டிக்கை மோந்து பார்த்த மெக்கானிக், டீசல் கலந்திருக்கிறது என்றார். சைலன்ஸர் லைனில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி இருக்கிறதல்லவா, அதை எரித்துச் சுத்தம் செய்ய இன்ஜின் கூடுதலாக டீசல் அடிக்கும். என் ஓட்டம் வீட்டிலிருந்து சிப்காட், ஐந்து கிலோமீட்டர், நிறுத்து, திரும்ப எடு. அது எரித்து முடிப்பதற்குள் நான் அணைத்துவிடுகிறேன். அந்த டீசல் சிலிண்டர் சுவர் வழியாகக் கீழே இறங்கி ஆயிலில் சேர்கிறது.

இப்போது வாரம் ஒரு முறை கிருஷ்ணகிரி வரை ஒரே மூச்சில் போய் வருகிறேன். டிபிஎஃப் இருக்கிற வண்டிக்குச் சாம்பல் குறைவான ஆயில்தான் போட வேண்டும். புத்தகத்தில் சி2, சி3 என்று எந்த ரகம் போட்டிருக்கிறதோ அதுதான். விலை குறைவு என்று லாரி ஆயிலை ஊற்றினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், அதன் விலை கேட்டால் தலை சுற்றும்.

விழுப்புரம், எட்டியாஸ் டீசல்

ஒரு சின்ன விஷயம். பழைய இரும்புக்கடைக்காரர் ஒருவர் காலி ஆயில் கேனுக்குப் பத்து ரூபாய் தருவார். மூடியோடு, லேபிள் கிழியாமல் இருந்தால் முப்பது. எதற்கு அந்தக் கூடுதல் இருபது, போலி ஆயில் ஊற்றி விற்கத்தானோ என்று யோசித்த நாளிலிருந்து, காலி கேனில் ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு குத்துக் குத்திவிட்டுத்தான் போடுகிறேன். வாங்கும்போது சீல் வளையத்தைப் பார்த்து, மெக்கானிக் என் கண் முன்னால் திறக்க வேண்டும் என்பேன். சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். எங்கள் ஊரில் சென்ட்ரிங் பலகைக்குப் பூச வாங்கிப் போகிறார்கள். அதைவிடப் பதிவுபெற்ற ரீசைக்கிள்காரர் வந்து எடுக்கிற ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடுவது நல்லது.

மேடவாக்கம்

எல்லோருக்கும் நன்றி. முக்கியமாகக் கோவை அண்ணனுக்கு. திட்டாமல் திட்டினீர்கள்.

அதே 5டபிள்யூ-30 போட்டுவிட்டேன். மூன்று லிட்டர் கேனோடு ஒரு லிட்டர் தனியாக வாங்கி டிக்கியில் வைத்திருக்கிறேன், அம்பாசடர் அப்பா மாதிரி. சன் வைசரில் ஒரு துண்டுக் காகிதம் சொருகி, தினமும் சாவி போட்ட நேரம், அணைத்த நேரம் எழுதுகிறேன். 12 நாளில் 2,310 கிலோமீட்டர், 121 மணி நேரம். நான் நினைத்ததைவிட மோசம், மணிக்கு 19தான் வருகிறது. 250 மணிக்கு மாற்றலாம் என்று இருக்கிறேன், ஏறக்குறைய 4,800 கிலோமீட்டர். செலவு இரட்டிப்பாகிறது என்று வீட்டில் கேட்டார்கள். செயின் பில்லைக் காட்டினேன்.

இன்று காலை டிப்ஸ்டிக் பார்த்தேன். மேல் கோட்டிலிருந்து கால் பங்கு இறங்கியிருக்கிறது. அண்ணே, 2,310 கிலோமீட்டருக்கு இது சரியான அளவுதானா?

கணபதி, கோவை

கால் பங்கு என்றால் கால் லிட்டர். ஆயிரத்துக்கு ஏறக்குறைய 110 மில்லி. சரிதான், ஓட்டுங்கள். அடுத்த முறை ஆயிலை இறக்குகிற டிரெயின் போல்டுக்குப் புது வாஷர் போடச் சொல்லுங்கள்.